அட்டைப்பெட்டியை ஸ்கேன் செய்த பிறகு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சரக்கு மென்பொருள் எழுதும் வேலையில் 16 வருஷமாக இருக்கிறேன். அதில் ஒரு பக், அதாவது நிரல் பிழை, மட்டும் இன்னும் என்னை விடவில்லை. அதைத் திருத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அது ஏன் வந்தது என்று கேட்கப் போய்த்தான், ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களுக்குப் "பொருள்" என்றால் என்ன என்ற கணிதத்துக்குள் நுழைந்தேன். இன்னும் வெளியே வரவில்லை, வரவும் மனசில்லை.

முதலில் பக்கைச் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் ஹாலில் ஒரு மேசை. அட்டைப்பெட்டி வரும், மேசையில் இருப்பவர் பார்கோடை ஸ்கேன் செய்வார். உடனே திரையில் இரண்டு பொத்தான் வரும்: பேக், ரிட்டர்ன். பெட்டி சரியாக இருந்தால் பேக். பீஸ் குறைந்திருந்தாலோ சைஸ் கலந்திருந்தாலோ ரிட்டர்ன், பெட்டி செக்கிங் பிரிவுக்குத் திரும்பிப் போகும்.

பழைய நிரலில் ஒரே திரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரே ஒரு வேலை. ஸ்கேன் வந்ததும் அது இரண்டு பொத்தானுக்கும் சேர்த்துக் காத்திருக்கும். சீசனில் வேகம் போதவில்லை என்று நான் அதை இரண்டு திரெட்டாகப் பிரித்து எழுதினேன். ஒன்று பேக் வேலைக்கு, ஒன்று ரிட்டர்ன் வேலைக்கு. இரண்டும் ஒரே வரிசையிலிருந்துதான் ஸ்கேனை எடுக்கும். எந்தத் திரெட் முந்துகிறதோ அதற்கு அந்தப் பெட்டி; அது தன் பொத்தானுக்கு மட்டும்தான் காத்திருக்கும்.

படிக்கும்போதே உங்களுக்குத் தப்பு தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் லாகை, அதாவது நடந்ததையெல்லாம் நிரல் எழுதி வைக்கும் பதிவை, நம்பினேன். பழைய நிரலின் லாகில் இரண்டே மாதிரிதான்: "ஸ்கேன், பேக்" அல்லது "ஸ்கேன், ரிட்டர்ன்". புதிய நிரலிலும் அதே இரண்டு மாதிரி. நடுவில் நின்றுபோன ஓட்டங்களை டெஸ்ட் தானாகவே மறுபடி ஓட்டிவிட்டது. நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து அந்த மறு ஓட்டத்தை எழுதி வைத்ததும் நான்தான்.

மூன்றாம் நாள் மதியம் ஹாலிலிருந்து போன். ரிட்டர்னை அழுத்தினால் திரை அசைவதே இல்லை, பேக்கை அழுத்தினால் வேலை செய்கிறது என்றார்கள். அடுத்த பெட்டிக்கு நேர் எதிராக இருக்கிறதாம். மேசையில் இருந்த அக்கா, வரிசை தேங்குகிறதே என்று, எந்தப் பொத்தான் இறங்குகிறதோ அதை அழுத்திப் பெட்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். பீஸ் குறைந்த பெட்டிகளும் பேக் ஆகிப் போய்விட்டன. அன்று இரவு கோடவுனில் உட்கார்ந்து டேப்பைக் கிழித்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணினோம்.

அப்புறம் சில மாதம் கழித்து, கணினி அறிவியலாளர் ராபின் மில்னர் 1980இல் வெளியிட்ட விரிவுரைக் குறிப்புகள் கையில் கிடைத்தன. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நிரல்களுக்கு அவர் அமைத்த கணித முறை அது. சுருக்கமாக சி.சி.எஸ். என்பார்கள். அதன் முதல் அத்தியாயத்திலேயே ஒரு கறுப்புப் பெட்டி வருகிறது, மேலே பொத்தான்கள். சில பொத்தான் அழுத்தினால் இறங்கும், சில பூட்டியிருக்கும். இரண்டு பெட்டிகள் ஏற்றுக்கொள்ளும் வரிசைகள் எல்லாமே ஒன்றுதான். ஆனாலும் ஒரு பெட்டியில் முதல் பொத்தானை அழுத்திய பிறகு இரண்டு பொத்தானும் திறந்திருக்கின்றன, இன்னொன்றில் ஏதோ ஒன்றுதான் திறந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அது என் பேக்கிங் மேசை.

இதன் அருமை புரிய அதற்கு முன்னால் இருந்த பாதையையும் சொல்ல வேண்டும். நிரலின் பொருளைக் கணிதமாக எழுதுவது என்பதை டேனா ஸ்காட்டும் கிறிஸ்டஃபர் ஸ்ட்ரேச்சியும் ஆக்ஸ்ஃபோர்டில் 1969 வாக்கில் உறுதியான அடித்தளத்தில் நிறுத்தினார்கள். ஒரு நிரல் என்பது ஒரு சார்பு: உள்ளீட்டைக் கொடுத்தால் விளைவைத் தருவது. பெரிய நிரலின் பொருளை அதன் துண்டுகளின் பொருளிலிருந்தே கட்டிவிடலாம். துண்டின் பொருள் தெரிந்தாலே போதும், அதன் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். தனியாக ஓடும் நிரலுக்கு இது அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.

பக்கத்தில் இன்னொரு நிரல் ஓட ஆரம்பித்ததும் இது உடைகிறது. ஒரு சின்ன உதாரணம். "க = 1, பிறகு க = க + 1" என்று ஒரு நிரல். "க = 2" என்று இன்னொன்று. சார்பாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே; எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் க என்பது 2. இப்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் "க = 3" என்று மூன்றாவது ஒன்றை ஓட விடுங்கள். "க = 2" உடன் ஓடினால் முடிவு 2 அல்லது 3. ஆனால் முதலாவதுடன் ஓடினால், இரண்டு படிகளுக்கு நடுவில் அந்த 3 நுழைந்துவிட்டால், 4 வரும். துண்டுகளின் பொருள் ஒன்று என்று சொன்னோம், சேர்த்தால் வேறாகிவிட்டது. அப்படியானால் நாம் "பொருள்" என்று எழுதி வைத்ததில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

விளைவு ஒன்றாக இல்லாமல் பலவாக இருக்கலாம் என்றால், விளைவுகளின் கணத்தையே, அதாவது தொகுப்பையே, பொருளாக வைக்கலாமே? கார்டன் பிளாட்கின் 1976இல் அதற்கான கணித அமைப்பைக் கட்டினார். ஆனால் மேலே உள்ள உதாரணத்துக்கு அது மட்டும் போதாது. விளைவுகளின் கணமாகப் பார்த்தாலும் அந்த இரண்டு நிரலுக்கும் கணத்தில் 2 மட்டும்தான். விளைவை விட்டுவிட்டு, வழியில் நடந்த எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, அந்த வரிசைகளின் தொகுப்பை வைத்தால்? அதுதான் லாக். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று மேலே சொல்லிவிட்டேன்.

நடந்தவற்றின் பட்டியலில் நடக்க முடியாமல் போனது இருக்காது. ஸ்கேன் ஆன அந்த நொடியில் ரிட்டர்ன் திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா என்பதை "ஸ்கேன், பேக்" என்ற வரி சொல்லாது. ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களில், தேர்வு எப்போது நடந்தது, யார் கையில் இருந்தது என்பதும் பொருளின் பகுதி. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடவுன் இரவு தேவைப்பட்டது.

இதற்கு மில்னர் வழியில் கிடைத்த பதில் பைசிமுலேஷன்: இரண்டு நிரல்கள் ஒன்றா என்று பார்க்கும் ஓர் அளவுகோல். டேவிட் பார்க் 1981இல் அதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். அவர் எடின்பரோவில் மில்னர் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வரும்போதே இதில் ஒன்று சரியில்லை என்றாராம். பிறகு இருவரும் நடக்கப் போய், பேசிக்கொண்டே அந்தக் கருத்துக்குப் பெயரும் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அதை ஒரு விளையாட்டாகச் சொல்லலாம். பொத்தான் வைத்த இரண்டு கறுப்புப் பெட்டி, இரண்டு ஆள். ஒருவர் சோதிப்பவர், ஏதாவது ஒரு பெட்டியில் ஒரு பொத்தானை இறக்குவார். மற்றவர் அடுத்த பெட்டியில் அதே பொத்தானை இறக்கிக் காட்ட வேண்டும். காட்ட முடியாத நிலை வந்தால் பெட்டிகள் வேறு வேறு. என் மேசையில் இதை ஆடிப் பாருங்கள். சோதிப்பவர் பழைய நிரலில் ஸ்கேன் செய்கிறார். எதிராளி புதிய நிரலில் ஸ்கேன் செய்கிறார். செய்த உடனே அது பேக் திரெட்டிலோ ரிட்டர்ன் திரெட்டிலோ போய் விழுந்துவிடுகிறது. பேக்கில் விழுந்தால் சோதிப்பவர் பழையதில் ரிட்டர்னை அழுத்துவார். எதிராளியிடம் பதில் இல்லை. இரண்டே ஆட்டத்தில் முடிந்துவிட்டது.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி, சோதிப்பவர் நடுவில் பெட்டி மாறிக்கொள்ளலாம் என்பது. முதலில் அது தேவையில்லாத சலுகை மாதிரித்தான் தெரிந்தது. பிறகு இப்படி ஒன்றை எழுதிப் பார்த்தேன். நல்ல பெட்டி: ஸ்கேன், பிறகு பேக். கெட்ட பெட்டி: ஸ்கேன், பிறகு பேக், ஆனால் சில சமயம் ஸ்கேன் ஆனதும் அப்படியே உறைந்துவிடும். சோதிப்பவர் நல்ல பெட்டியிலேயே இருந்தால் எதிராளி உறையாத கிளையில் போய்த் தப்பிக்கலாம். கெட்ட பெட்டியிலேயே இருந்தாலும் எதிராளிக்குச் சிரமம் இல்லை, உறைந்த பெட்டியில் அழுத்த ஒன்றும் இல்லையே. மாறினால்தான் பிடிபடும்: கெட்டதில் ஸ்கேன் செய்து உறையும் கிளைக்குள் போக வேண்டும், எதிராளி நல்லதில் ஸ்கேன் செய்த பிறகு நல்லதுக்குத் தாவி பேக்கை அழுத்த வேண்டும். உறைந்த பெட்டியால் பதில் சொல்ல முடியாது. திரை உறைவதைப் பிடிக்க, உறையாத பக்கத்தில் போய் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. டெட்லாக்கை, அதாவது நிரல்கள் ஒன்றுக்கொன்று காத்து உறைந்து நிற்பதை, தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களுக்கு இதன் சுகம் தெரியும்.

ஆக்ஸ்ஃபோர்டில் டோனி ஹோர் வேறு வழி எடுத்தார். அவருடைய சி.எஸ்.பி. 1978இல், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நிரல்களை எழுத ஒரு மொழியாக வந்தது. ஸ்டீஃபன் புரூக்ஸ், பில் ராஸ்கோ இருவரோடும் சேர்ந்து 1984இல் அதற்கு ஒரு கணிதப் பொருள் கொடுத்தார். நடந்த வரிசையோடு கூடவே, அந்த வரிசைக்குப் பிறகு நிரல் எதையெல்லாம் மறுக்கக்கூடும் என்பதையும் எழுதி வைப்பது. பழைய நிரல் ஸ்கேனுக்குப் பின் பேக்கையும் மறுக்காது, ரிட்டர்னையும் மறுக்காது. புதியது இரண்டில் ஒன்றை மறுக்கும். லாகில் இன்னும் ஒரே ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும் என்பது மாதிரி. அலுவலக வேலைக்கு எனக்கு இதுதான் பிடித்தது. இப்போதெல்லாம் டெஸ்ட் எழுதும்போது என்ன நடக்க வேண்டும் என்பதோடு, இந்த இடத்தில் எதை மறுக்கக் கூடாது என்றும் எழுதுகிறேன். மறு ஓட்டத்தை எடுத்துவிட்டேன்.

சரி, இதோடு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவும் சித்தியும் ஆசாரத்தில் சாக்கை விரித்துப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வருஷத்துக்கான புளி. தட்டி ஓடு நீக்கின புளியை அருவாமனையில் கீறிக் கொட்டையைத் தள்ள வேண்டும். வீட்டில் அருவாமனை ஒன்றுதான். அம்மா ஒரு கை கீறுவாள், பிறகு சித்தி நகர்ந்து வந்து ஒரு கை கீறுவாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு அருவாமனை வந்தது. அதன்பின் ஆளுக்கு ஒன்று.

நான் கையிலிருந்த சாக்பீஸால் தரையில் ஐந்து வட்டம் போட்டேன். அம்மா சும்மா இருக்கிறாள், சித்தி சும்மா இருக்கிறாள், அம்மா கீறுகிறாள், சித்தி கீறுகிறாள், அருவாமனை காலி. வட்டங்களுக்கு நடுவே நான்கு கோடு: ஆளுக்கு ஓர் ஆரம்பம், ஒரு முடிவு. காய்க்குப் புளியங்கொட்டை. அம்மா ஆரம்பிக்க வேண்டுமானால் "அம்மா சும்மா" வட்டத்திலும் "அருவாமனை காலி" வட்டத்திலும் கொட்டை இருக்க வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டு "அம்மா கீறுகிறாள்" வட்டத்தில் ஒன்று வைக்க வேண்டும். முடித்ததும் இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பும். சித்திக்கும் அப்படியே. "அருவாமனை காலி" வட்டத்தில் ஒரே கொட்டை இருக்கும்வரை ஒருவர்தான் கீற முடியும்.

"ஏங்கண்ணு, எடுத்த கொட்டையெல்லாம் மறுபடி எதுக்குப் பரப்பற?" என்றார் சித்தி.

"இருங்க சித்தி, உங்களையுந்தான் வரைஞ்சிருக்கேன்."

இது பெட்ரி வலை. கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் ஜெர்மனியில் முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வேட்டிலிருந்து கிளைத்தது. இந்தப் படங்களை 1939இல், தன் 13 வயதில், வேதிவினைகளை எழுதி வைக்க வரைய ஆரம்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

தரையில் பார்த்ததும் எனக்குள் ஏதோ நகர்ந்தது. அருவாமனை ஒன்றாக இருந்தபோது நடக்கக்கூடியவை: அம்மா பிறகு சித்தி, அல்லது சித்தி பிறகு அம்மா. அருவாமனை இரண்டாக இருந்தபோது? கீறுவதை ஒரு நொடியில் முடியும் ஒரே செயலாக எழுதினால், அதே இரண்டு வரிசை. மில்னரின் முறையில் இது ஒரு விதியாகவே இருக்கிறது: இரண்டு செயல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதும், "முதலில் இது பிறகு அது, அல்லது முதலில் அது பிறகு இது" என்பதும் சமம். பைசிமுலேஷன் விளையாட்டில் யார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் ஆசாரத்தில் அவை ஒன்றா? முதலாவதில் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கிறார். இரண்டாவதில் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியக்கூட வேண்டியதில்லை.

கீறுவதை ஆரம்பம், முடிவு என்று உடைத்தால்தான் வேறுபாடு வெளியே வரும். "அம்மா ஆரம்பம், சித்தி ஆரம்பம், அம்மா முடிவு" என்ற வரிசை இரண்டு அருவாமனை இருந்தால் மட்டுமே நடக்கும். அதாவது, இன்று ஒன்று என்று தீர்மானித்த இரண்டு நிரல்கள், செயல்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்ததும் நாளை வேறாகிவிடுகின்றன. மில்னர் இதை அறியாமல் செய்யவில்லை, இயற்கணிதம் எளிமையாக இருக்க அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார். அந்த எளிமையால்தான் நானே அதற்குள் போக முடிந்தது. ஆனாலும் அருவாமனையின் எண்ணிக்கை தொலைந்துபோகும் ஒரு பொருளை முழுப் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரிசையை விட்டுவிட்டு, எது எதற்குக் காரணம் என்பதை மட்டும் எழுதலாம் என்றவர்கள் இருக்கிறார்கள். போலந்தின் அந்தோனி மசுர்கியேவிச் 1977இல், ஒன்றையொன்று சாராத செயல்கள் அருகருகே வந்தால் இடம் மாற்றிக்கொள்ளலாம், மாற்றினாலும் அது அதே ஓட்டம்தான் என்றார். மோகன்ஸ் நீல்சன், பிளாட்கின், கிளின் வின்ஸ்கெல் மூவரும் பெட்ரி வலையையும் ஸ்காட்டின் கணிதத்தையும் இணைக்கும் பாலமாக நிகழ்வுக் கட்டமைப்பு என்பதைக் கொண்டுவந்தார்கள். கட்டுரை 1981இல் வந்தது. அதில் நிகழ்வுகள் புள்ளிகள். இது நடந்தால்தான் அது என்பதற்கு ஓர் உறவு, இது நடந்தால் அது நடக்காது என்பதற்கு இன்னோர் உறவு. இரண்டும் இல்லையென்றால் அவை தம் பாட்டுக்கு நடக்கும்.

பத்து பேர் பத்து அருவாமனையோடு உட்கார்ந்தால் இதில் வெறும் பத்துப் புள்ளிகள், ஒரு கோடுகூட வேண்டாம். அதையே வரிசைகளாக எழுதினால் 36,28,800 வரிசை. நிரலைச் சரிபார்க்கும் கருவிகள் இந்த எண்ணிக்கையில்தான் மூச்சுத் திணறுகின்றன. எந்தச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை என்று தெரிந்தால், பல வரிசைகளுக்கு ஒன்றைப் பார்த்தால் போதும் என்று கழித்துவிடலாம்; இந்த உத்தி இன்று உண்மையான கருவிகளில் ஓடுகிறது.

படிக்கப் படிக்க டென்மார்க்கின் ஆர்ஹூஸ் என்ற ஊர் திரும்பத் திரும்ப வரும். மசுர்கியேவிச்சின் அறிக்கை அங்கிருந்து வெளியானது. மில்னரின் 1980 குறிப்புகள் அங்கே இருந்த காலத்து விரிவுரைகளில் உருவானவை. நிரல் படிப்படியாக எப்படி ஓடுகிறது என்பதையே அதன் பொருளாக எழுதும் முறையைப் பற்றிய பிளாட்கினின் 1981 குறிப்புகளும் அங்கேதான். நீல்சன் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரர். அவர்களோடு சேர்ந்து உழைத்தவர்களில் பி. எஸ். தியாகராஜனும் ஒருவர், பின்னால் சென்னையில் பல வருஷம் இருந்து இந்தத் துறையை அங்கே வளர்த்தவர். அவர் பெயரில் ஓர் ஊகம், அதாவது உண்மையென்று தோன்றினாலும் நிரூபிக்காத கணிதக் கூற்று, இருக்கிறது என்று தெரிந்த அன்று நான் வேறு வேலையே பார்க்கவில்லை.

ஊகம் இதுதான். ஒரு நிகழ்வுக் கட்டமைப்பு முடிவில்லாமல் நீளலாம். ஆனால் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும், இனி என்னென்ன நடக்கலாம் என்ற மிச்சம் ஒரு சில வகைகளில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் அடுத்து நடக்கக்கூடியவையும் ஓர் அளவுக்குள்தான். அப்படியானால், வட்டத்துக்கு ஒரு கொட்டைக்கு மேல் சேராத, எண்ணி முடிக்கக்கூடிய அளவான வட்டங்கள் உள்ள ஒரு பெட்ரி வலையால் அதை உண்டாக்கிவிடலாமா? முடியும் என்று 1990களில் தியாகராஜன் ஊகித்தார். எனக்கும் முடியும் என்றே தோன்றியது. திறந்திருக்கும் கதவுகள் சில வகைதான் என்றால், தரையில் சில வட்டங்கள் போதாதா?

போதாது. 2017இல் ஜெரெமி ஷலோப்பன், விக்டர் செப்பொய் என்ற இரண்டு பேர் பிரான்ஸிலிருந்து எதிர் உதாரணம் கொடுத்தார்கள். அது வந்த இடம் நிரல் எழுதுபவர்கள் எட்டிப் பார்க்காத வடிவியல். ஒன்றையொன்று சாராத இரண்டு நிகழ்வுகளை ஒரு சதுரமாகப் பார்க்கலாம்: இந்தப் பக்கமாகப் போனாலும் அந்தப் பக்கமாகப் போனாலும் எதிர்மூலைக்கு வந்து சேருவோம். அப்படிச் சதுரங்களை ஒட்டிக்கொண்டே போனால் நிகழ்வுக் கட்டமைப்பு ஒரு பரப்பாகிவிடுகிறது. அவர்கள் எடுத்தது டேனியல் வைஸ் என்ற கணிதவியலாளர் அமைத்த 6 சதுரங்கள். ஓரங்களில் நிறமும் அம்புக்குறியும் உண்டு, ஒத்துப்போகும் ஓரங்களைத்தான் ஒட்டலாம். ஒட்டிப் பரப்பினால், ஒரே கோலம் சீராகத் திரும்பி வராத ஒரு பரப்பு உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆறே வகை, ஆனாலும் அளவான வட்டங்களுக்குள் அடங்காது.

அந்தக் கட்டுரையில் இப்போது சதுரங்கள் வரும் பக்கத்தில் நிற்கிறேன். அவை ஏன் திரும்பி வராது என்பதை வரிவரியாகப் படித்தும் பிடிபடவில்லை. கோடவுனில் கிழிந்த அட்டைப்பெட்டிகள் எப்போதும் கிடக்கும். நாலைந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சதுரமாக வெட்டி வைத்திருக்கிறேன், வகைக்கு 20. ஓரத்துக்கு நிறம் தீட்டப் பெண்ணிடம் ஸ்கெட்ச் பென் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்ப வேண்டும்.